தாத்தாவுக்குப் பைத்தியப் பட்டம் எந்த வருடம் வந்தது?

கேள்வி: என் அம்மாவின் தாத்தா கும்பகோணத்துக்காரர். 1938இல் இறந்தார். எங்கள் குடும்பத்தில் அவருக்குப் 'பைத்தியக்காரத் தாத்தா' என்றுதான் பெயர். மாடு இல்லாமல் தண்ணீர் இறைக்கும் இயந்திரம் செய்யப்போகிறேன் என்று இரண்டு வேலி (சுமார் பதின்மூன்று ஏக்கர்) நிலத்தை விற்றாராம். தெருவிளக்கு எரியவில்லை என்று நகராட்சியோடு ஆண்டுக்கணக்கில் சண்டை போட்டு, விளக்குக் கம்பத்தடியில் குடையோடு உட்கார்ந்திருந்தாராம். பெயருக்குப் பின்னால் இருந்த சாதிப் பட்டத்தைத் திடீரென்று வெட்டிவிட்டாராம். யாரிடமும் சொல்லாமல் பினாங்குக்குப் போய், மூன்று வருடம் கழித்து ஆர்மோனியப் பெட்டியோடு திரும்பினாராம். அம்மா காலமான பிறகு அவருடைய தகரப் பெட்டி என் கைக்கு வந்திருக்கிறது. நாற்பதுக்கு மேற்பட்ட கடிதங்களும் கார்டுகளும், அவரே அச்சிட்ட துண்டுப் பிரசுரங்களும், பெயரோ தேதியோ இல்லாத ஒரு பத்திரிகை நறுக்கும் அதில் இருக்கின்றன. எங்கே தொடங்குவது? பழைய பத்திரிகைகளில் அவரைத் தேடிப் பிடிக்க முடியுமா? என் பெரியம்மாவுக்கு 84 வயது. 'செத்தவரை ஏன் கிளறுகிறாய்' என்று கோபித்துக்கொள்கிறார்.
— வாசகி, தஞ்சாவூர்

பதில்: நிலம் விற்றவர் பத்திரம் எழுதிக் கொடுத்திருப்பார். நகராட்சியோடு மல்லுக்கு நின்றவர் மனு மேல் மனு போட்டிருப்பார். பினாங்குக்குப் போனவர் ஒரு மணியார்டராவது அனுப்பியிருப்பார், அல்லது அனுப்பாததற்குத் திட்டு வாங்கியிருப்பார். நீங்கள் சொல்லும் கதைகளில் பெரும்பாலானவை காகிதத்தில் தடம் விட்டிருக்கக்கூடியவை. அந்தக் குடைக்குத்தான் சாட்சி கிடைப்பது சிரமம்.

அவர் ஏன் அப்படி இருந்தார் என்ற கேள்வியை இப்போதைக்கு ஒத்திவையுங்கள். அதற்கு எந்த ஆவணமும் நேரடியாகப் பதில் சொல்லாது. அவரை எந்த வருடத்திலிருந்து பைத்தியம் என்று சொல்லத் தொடங்கினார்கள், முதலில் சொன்னவர் யார், அப்போது அவருக்கும் சொன்னவருக்கும் இடையே என்ன கொடுக்கல் வாங்கல் இருந்தது? இவற்றுக்குக் காகிதங்கள் பதில் சொல்லும். விசித்திரமான மனிதர்களைப் பற்றிய குடும்பக் கதைகளில் காலவரிசையே இருப்பதில்லை. இருபது வருடங்களில் நடந்தவை எல்லாம் ஒரே வாரத்தில் நடந்ததுபோல் சேர்ந்துவிடும். அவற்றைப் பிரித்து வரிசைப்படுத்தினாலே பாதி விசித்திரம் கரைந்துவிடுவதை என் வேலையில் பலமுறை பார்த்திருக்கிறேன். மீதிப் பாதி உண்மையிலேயே விசித்திரமாக இருக்கும், அதையும் ரசியுங்கள்.

ஆகவே முதலில் பெட்டி. கடிதங்களை நீங்களாக வகைப்படுத்துவதற்கு முன், எந்த வரிசையில் அடுக்கியிருந்தனவோ அதே வரிசையில் ஒவ்வொன்றின் மூலையிலும் பென்சிலால் மெல்ல எண் போடுங்கள். எந்தக் கடிதம் எந்த உறைக்குள் இருந்தது, எது எதோடு சேர்த்துக் கட்டியிருந்தது என்பதெல்லாம் செய்திதான். ஜன்னல் வெளிச்சத்தில், நேர்வெயில் படாமல், இரண்டு பக்கமும் படம் எடுங்கள். குண்டூசி துருப்பிடித்திருந்தால் கழற்றிவிடுங்கள். ஒட்டும் டேப், பிளாஸ்டிக் லேமினேஷன் இரண்டும் வேண்டவே வேண்டாம்.

அடுத்து தேதி. அந்தக் காலத்துக் கடிதத்தின் தலைப்பில் 'துன்மதி ௵ ஆவணி ௴ ௰௨ ௳' என்பதுபோல் இருக்கும். ௵ வருடத்துக்கும் ௴ மாதத்துக்கும் ௳ நாளுக்கும் உரிய குறிகள். ௰௨ என்பது பன்னிரண்டு. தமிழ் எண்கள் கையெழுத்தில் எழுத்துகளைப்போலவே தோன்றும்: ஒன்று 'க' மாதிரி, இரண்டு 'உ' மாதிரி, ஏழு 'எ' மாதிரி, எட்டு 'அ' மாதிரி, பத்து 'ய' மாதிரி. உச்சியில் தனியாக நிற்கும் பிள்ளையார் சுழியை இரண்டாம் தேதி என்று குறித்துக்கொண்டுவிடாதீர்கள். ஆண்டுப் பெயர்கள் அறுபது வருடத்துக்கு ஒருமுறை திரும்பி வருவதால், 1938இல் இறந்தவருக்குப் பெரும்பாலும் குழப்பம் வராது. துன்மதி என்றால் 1921 ஏப்ரல் நடுவில் தொடங்கிய ஆண்டு. மேலே சொன்ன தேதி 1921 ஆகஸ்ட் கடைசி வாரம் ஆகும். ஒரு பொறி மட்டும் உண்டு. அதே துன்மதி ஆண்டின் மார்கழிப் பிற்பாதியும் தை, மாசி, பங்குனி மாதங்களும் 1922இல் விழும். இதைக் கவனிக்காமல் கடிதங்களை அடுக்கினால், பதில் முன்னாலும் கேள்வி பின்னாலும் வந்து தாத்தா உண்மையிலேயே பைத்தியம்போல் தெரிவார்.

தேதி கிழிந்துபோன கார்டுகளுக்கு அஞ்சல் முத்திரை உதவும். அனுப்பிய ஊர், சேர்ந்த ஊர் இரண்டின் முத்திரைகளும் இருக்கிறதா என்று பாருங்கள். அதுவும் அழிந்திருந்தால் கார்டின் விலை. 1879இல் காலணாவாக அறிமுகமான கார்டு 1922இல் அரையணா ஆயிற்று. அச்சிட்டிருக்கும் தலை ஏழாம் எட்வர்டா ஐந்தாம் ஜார்ஜா என்பதும் ஓரளவு காலத்தைக் காட்டும். பழைய கார்டை வைத்திருந்து பின்னால் எழுதியிருக்கலாம் என்பதால் இதை ஒரு துணைச் சான்றாக மட்டும் கொள்ளுங்கள்.

படிக்கும்போது பொறுமை வேண்டும். அவசரக் கையெழுத்தில் மெய்யெழுத்தின் புள்ளிகள் பறந்துவிடும். கொம்பு குறிலா நெடிலா என்று பொருளைப் பார்த்துத்தான் முடிவு செய்யவேண்டியிருக்கும். ணா, றா, லை, ளை போன்றவை 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய வடிவத்தில் இருக்கும். 'ம-ள-ள-ஸ்ரீ' என்று தொடங்கினால் பயப்படவேண்டாம். அது மகாராஜராஜஸ்ரீ என்ற மரியாதைச் சொல்லின் சுருக்கம். 'இவ்விடம் யாவரும் க்ஷேமம்' என்ற முதல் வரியை எல்லாரும் தாண்டிவிடுவார்கள், நீங்கள் தாண்டாதீர்கள். ஒரே ஆள் எழுதிய கடிதங்களில் அந்த வரி எப்போது சுருங்குகிறது, எப்போது காணாமல் போகிறது, 'அன்புள்ள அத்திம்பேருக்கு' என்று எழுதியவர் எந்தத் தேதியிலிருந்து மரியாதை குறைத்து எழுதுகிறார் என்று பாருங்கள். உங்கள் கேள்விக்கான விடை அங்கே ஒளிந்திருக்க வாய்ப்பு உண்டு.

இரண்டு இல்லாமைகளையும் நினைவில் வையுங்கள். சாவுச் செய்தி சொன்ன கார்டைப் படித்தவுடன் கிழித்துப் போடுவது நம் வீடுகளின் வழக்கம். அதனால் குடும்பத்தில் நேர்ந்த மரணங்கள் பெட்டியில் இருக்காது. ஒரு கடிதத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே யாரோ ஒருவரின் பெயர் சத்தமில்லாமல் நின்றுபோனால், காரணம் சண்டையாகத்தான் இருக்கும் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். இன்னொன்று: பெட்டியில் இருப்பவை பெரும்பாலும் அவருக்கு மற்றவர்கள் எழுதியவை. அவர் எழுதியவை மற்றவர்களின் பெட்டிகளில் இருக்கின்றன. நீங்கள் ஒரு வழக்கின் எதிர்த்தரப்பு வாதத்தை மட்டுமே படிக்கிறீர்கள். எழுதியவர்களின் பெயர்ப் பட்டியலைத் தயாரித்து, அவர்களுடைய வாரிசுகள் யார் வீட்டிலாவது பரணில் கடிதக் கட்டு இருக்கிறதா என்று விசாரியுங்கள். எந்த நூலகத்தைக் காட்டிலும் அது பலன் தரக்கூடும்.

இனி அந்த நறுக்கு. எல்லாரும் செய்வதுபோல நீங்களும் அதன் முன்பக்கத்தைத்தான் இதுவரை படித்திருப்பீர்கள். திருப்புங்கள். பின்பக்கத்தில் பாதியாக வெட்டுப்பட்ட விளம்பரமோ தானிய விலையோ யுத்தச் செய்தியோ இருக்கும். தமிழ்ப் பேசும்பட விளம்பரம் இருந்தால் 1931க்கு முந்தியதாக இருக்க முடியாது. எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் சென்னையில் குண்டு போட்ட செய்தி இருந்தால் 1914 செப்டம்பர் இறுதி. காகிதத்தைவிட அதன் முதுகு உண்மை பேசும்.

பத்திரிகைகளில் அவரைத் தேட முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும், தேதியைச் சுருக்கிக்கொண்ட பிறகு. 1882இல் வாரப் பத்திரிகையாகத் தொடங்கி 1899இல் நாளிதழான சுதேசமித்திரனை, 'எங்காவது தாத்தா வருவார்' என்று புரட்டத் தொடங்கினால் உங்கள் பேரன்தான் முடிக்கவேண்டியிருக்கும். பழைய அச்சு, மங்கிய தாள், கூட்டெழுத்துகள் காரணமாகக் கணினித் தேடலும் தமிழில் பல இடங்களில் கைவிடும். 'தேடினேன், இல்லை' என்பதை 'அவர் பத்திரிகையில் வரவில்லை' என்று படிக்காதீர்கள். கடிதங்களிலிருந்து 'விளக்குச் சண்டை 1926 ஐப்பசியில்' என்பதுபோல ஒரு பிடி கிடைத்த பிறகு போனால், இரண்டு மாத இதழ்களைப் பக்கம் பக்கமாகப் பார்த்துவிடலாம்.

செய்திப் பக்கங்களில் அவர் இருப்பது சந்தேகமே. ஆசிரியருக்குக் கடிதங்கள், வெளியூர் நிருபர் கடிதம், நீதிமன்ற அறிவிப்பு, வரி விளம்பரம் ஆகியவற்றைப் பாருங்கள். இப்படிப்பட்டவர்கள் பெரும்பாலும் புனைபெயரில்தான் எழுதுவார்கள். 'ஓர் வரிகொடுப்போன்', 'உண்மை விளம்பி' என்பதுபோல. துண்டுப் பிரசுரங்களில் அவர் திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் வசை, பிடித்த உவமை, எழுத்துப்பிழை ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு போனால் புனைபெயருக்குப் பின்னால் இருப்பவரை அடையாளம் காணலாம். தமிழ்ப் பத்திரிகைகளோடு நின்றுவிடாதீர்கள். 1878இல் தொடங்கிய தி இந்துவுக்கும் 1868இல் தொடங்கிய மெட்ராஸ் மெயிலுக்கும் மாவட்ட ஊர்களிலிருந்து கடிதங்கள் போய்க்கொண்டிருந்தன. தமிழில் திட்டியும் நகராட்சி அசையாவிட்டால், ஆங்கிலம் தெரிந்த வக்கீலைப் பிடித்து எழுத வைப்பது அந்தக் காலத்துச் சண்டைக்காரர்களின் அடுத்த படி.

அதிகம் பேருக்குத் தெரியாத ஒரு குறுக்குவழியும் உண்டு. அக்காலச் சென்னை அரசின் மொழிபெயர்ப்பாளர்கள் தமிழ், தெலுங்கு முதலிய மொழிப் பத்திரிகைகளைத் தொடர்ந்து படித்து, அவற்றின் சாரத்தை ஆங்கிலத்தில் சுருக்கி அரசாங்கத்துக்கு ரகசிய வார அறிக்கையாகக் கொடுத்தார்கள். அரசியல் எழுத்தைக் கண்காணிக்கத்தான் அந்த ஏற்பாடு, ஆனால் உள்ளூர்க் குறைகளும் அதில் எட்டிப் பார்க்கும். மூலப் பத்திரிகை அழிந்துபோன இடங்களில் இந்தச் சுருக்கம் மட்டுமே மிஞ்சியிருக்கிறது. எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்திலும் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் ஆவணங்களிலும் இவை இருக்கின்றன. தெருவிளக்குச் சண்டைக்கும் எழும்பூர்தான் இடம். நகராட்சியின் மேல் போன மனுக்கள் உள்ளாட்சித் துறையின் அரசாணைக் கோப்புகளுக்குள் போயிருக்கலாம். ஆண்டுவாரி அட்டவணையில் முதலில் கும்பகோணம் நகராட்சியைத் தேடுங்கள், பிறகு அவர் பெயரை.

பத்திரிகைத் தொகுப்புகளுக்கும் பிரசுரங்களுக்கும் சென்னை தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் புத்தகங்களோடு நிற்காமல், மற்றவர்கள் குப்பையில் போட்ட நோட்டீசுகளையும் அழைப்பிதழ்களையும்கூடச் சேர்த்தவர். உங்கள் தாத்தாவைப் போன்றவர்களைத் தேட அப்படிப்பட்ட சேகரிப்புதான் வேண்டும். அந்த வகையில் செட்டியாரையும் அவர் காலத்தில் சிலர் ஒருமாதிரியாகத்தான் பார்த்திருப்பார்கள் என்பது என் ஊகம். தஞ்சாவூரில் இருப்பதால் சரஸ்வதி மகால் நூலகத்துக்கு முதலில் ஓடத் தோன்றும். அதன் பெருமை சுவடிகளில் இருக்கிறது, உங்களுக்கு வேண்டியது வேறு.

துண்டுப் பிரசுரங்களின் அடியில் பொடி எழுத்தில் அச்சகத்தின் பெயரும் ஊரும் இருக்கும். 1867ஆம் ஆண்டு அச்சகச் சட்டம் அதைக் கட்டாயமாக்கியிருந்தது. புத்தகமாகவோ சிறு நூலாகவோ வெளியிட்டிருந்தால், மூன்று மாதத்துக்கு ஒருமுறை அரசு வெளியிட்ட நூற்பட்டியலில் ஏறியிருக்கக்கூடும். புனித ஜார்ஜ் கோட்டை அரசிதழின் இணைப்பாக வந்த அந்தப் பட்டியலில் தலைப்பு, ஆசிரியர், அச்சகம், பக்கம், விலை, எத்தனை பிரதி அச்சிட்டார்கள் என்பது வரை இருக்கும். ஊரே சிரித்தது என்று சொல்லும் பிரசுரத்தை அவர் ஆயிரம் பிரதி அடித்தாரா ஐம்பது பிரதி அடித்தாரா என்பது தெரிந்தால், அவருடைய கடன் கணக்கும் சற்று விளங்கும்.

தண்ணீர் இறைக்கும் இயந்திரத்துக்கு 1911ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டத்தின்படி அவர் விண்ணப்பித்திருந்தால், அது கல்கத்தாவில் இருந்த காப்புரிமை அலுவலகத்துக்குப் போயிருக்கும். இது நடந்திருக்க வாய்ப்புக் குறைவு, ஆனாலும் கடிதங்களில் கல்கத்தா முத்திரை ஏதாவது இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். அதைவிட முக்கியம் நிலம் விற்ற கதை. சார்பதிவாளர் அலுவலகத்தில் பெயர்வாரி அட்டவணை உண்டு. எழுதிக் கொடுத்தவர் பெயரில் தேடச் சொல்லி, கட்டணம் கட்டிப் பத்திர நகல் வாங்கலாம். யாருக்கு விற்றார், என்ன விலைக்கு, எந்த வருடத்தில் என்பவை அதில் உறுதியாகும். 'எதற்காக' என்ற வரியை மட்டும் அப்படியே நம்பவேண்டாம். பூர்வீகச் சொத்தைக் குடும்ப அவசியத்துக்கும் முன்கடனுக்கும் மட்டுமே தகப்பனார் விற்கலாம், இல்லாவிட்டால் மகன்கள் வழக்குப் போடலாம் என்பது அன்றைய இந்துச் சட்டம். ஆகவே எல்லாப் பத்திரத்திலும் 'குடும்ப அவசியம்' என்றே எழுதியிருப்பார்கள். இயந்திரம் வாங்க என்று எந்தப் பத்திர எழுத்தரும் எழுத விட்டிருக்கமாட்டார். வாங்கியவர் பெயரைக் கடிதம் எழுதியவர்களின் பட்டியலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு மைத்துனரோ பங்காளியோ அந்த நிலத்தை மலிவாக வாங்கியிருந்தால் உங்கள் தேடல் சுவாரசியமாகிவிடும்.

இங்கேதான் பைத்தியப் பட்டத்துக்கு வருகிறேன். 1912ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, சொத்துள்ள ஒருவர் மனநிலை சரியில்லாதவர் என்று உறவினர்கள் மாவட்ட நீதிமன்றத்தில் மனுச் செய்து விசாரணை கேட்கலாம். தீர்ப்பு அப்படியானால் சொத்து நிர்வாகம் வேறொருவர் கைக்குப் போகும். உங்கள் குடும்பத்தில் அப்படி நடந்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் நிலம் போய்க்கொண்டிருக்கும் வீட்டில் அந்தப் பேச்சு எழுவதற்குச் சட்டமே ஒரு காரணம் வைத்திருந்தது. கடிதங்களில் 'வக்கீல்', 'ஜில்லா கோர்ட்', 'கார்டியன்' என்ற சொற்கள் வந்தால் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். மேல்முறையீடு வரை போயிருந்தால் சென்னை உயர்நீதிமன்றத் தீர்ப்புத் தொகுப்புகளிலும் கிடைக்கலாம். இன்னொரு பக்கம், அவர் உண்மையிலேயே மனநோயால் துன்பப்பட்டிருக்கவும் கூடும். அப்படித் தெரிந்தால் அதையும் மறைக்காதீர்கள். இன்றைய மருத்துவப் பெயர் எதையும் அவருக்குச் சூட்டாமல், அன்று என்ன எழுதினார்களோ அதை மட்டும் எடுத்துச் சொல்லுங்கள்.

சாதிப் பட்டத்தை வெட்டியதைக் கிறுக்குத்தனங்களின் பட்டியலிலிருந்து இப்போதே எடுத்துவிடலாம். 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாடு அதைத்தான் கேட்டுக்கொண்டது. பலர் செய்தார்கள். அவர் வெட்டிய தேதி அதற்குப் பிந்தியது என்றால், தேடவேண்டிய அடுத்த பத்திரிகை 1925இல் தொடங்கிய, சுயமரியாதை இயக்கத்தின் இதழான குடிஅரசு. அவர் பெயரை இனிப் பட்டத்தோடும் இல்லாமலும் இரண்டு விதமாகத் தேடவேண்டும் என்பதையும் மறக்காதீர்கள்.

பினாங்குக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். சிங்கப்பூர் தேசிய நூலக வாரியம் ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் உள்ளிட்ட சிங்கப்பூர், மலாயாப் பழைய பத்திரிகைகளை இணையத்தில் இலவசமாகத் தேட வைத்திருக்கிறது. 1935இல் தொடங்கிய தமிழ் முரசும் அதில் உண்டு. ஆங்கிலத்தில் தேடும்போது பெயரை எத்தனை விதமாகத் தப்பாக எழுதமுடியுமோ அத்தனை விதமாகவும் எழுதிப் பாருங்கள். கச்சேரி, நாடகக் குழு பற்றிய அறிவிப்புகளையும் பாருங்கள். ஆர்மோனியப் பெட்டியோடு திரும்பியவர் அங்கே மூட்டை தூக்கியிருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. பெட்டியில் மணியார்டர் கூப்பன் ஏதாவது இருந்தால், அனுப்பியவர் முகவரி அதில்தான் இருக்கும்.

பெரியம்மாவின் கோபத்தை எதிர்த்து வாதாடவேண்டாம். வயதைக் கணக்கிட்டால், அவர் பிறக்கும்போது தாத்தா இறந்து ஓரிரு வருடங்களாவது ஆகியிருக்கும். அவரும் நேரில் பார்த்தவர் அல்லர், கேட்டவர்தான். ஆகவே 'தாத்தா எப்படி இருந்தார்' என்று கேட்காதீர்கள். 'குடைக் கதையை உங்களுக்குச் சொன்னது யார், சொல்லும்போது சிரித்தார்களா, அழுதார்களா' என்று கேளுங்கள். பாட்டி சொன்னதும் சித்தப்பா சொன்னதும் ஒன்றாக இராது. கேலிப் பெயரை ஒருபோதும் வாயில் எடுக்காத ஒருவர் குடும்பத்தில் இருந்தாரா என்பதையும் விசாரியுங்கள். அவர் வழிவந்த வீட்டில்தான் தாத்தா எழுதிய கடிதங்கள் இருக்கும் என்று தேடத் தொடங்கலாம். நிலம் வாங்கியவர்களின் வாரிசுகள் இன்றும் அதே ஊரில் இருப்பார்கள் என்பதால், எதையாவது எழுதி வெளியிடும் எண்ணம் இருந்தால் அவர்கள் பெயரை விட்டுவிடுங்கள். பெரியம்மா அஞ்சுவது அநேகமாக அதற்காகத்தான்.

நறுக்கின் இரண்டு பக்கங்களையும் ஓர் அளவுகோலைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்து இந்த முகவரிக்கே அனுப்பிவையுங்கள். பத்தியின் அகலத்தையும் எழுத்துருவையும் வைத்து எந்தப் பத்திரிகை என்று சொல்ல முடிகிறதா பார்க்கிறேன்.